எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்போம்? திருநங்கையர் பெயர்த் தேர்வு, ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு தங்கச்சி என்னைப் பார்க்க வந்தாள். பத்தொன்பது வயது, மேலூர்ப் பக்கம். பள்ளிக்கூட நோட்டின் கடைசித் தாளில் பதினொரு பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பூ வரைந்திருந்தது. நான்கைந்து பெயர்களை அடித்துவிட்டுத் திரும்பவும் கீழே எழுதியிருந்தாள். “அக்கா, இதுல எது எனக்குப் பொருத்தமா இருக்கும்? நாளைக்கே நோட்டரிட்ட போயி அபிடவிட் போட்டுரணும்” என்றாள்.

மதுரையில் ஒரு சின்ன அமைப்பில் மனு எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. அடையாள அட்டை, கெஜட் (அரசிதழில் வரும் பெயர் மாற்ற அறிவிப்பு), ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு என்று வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கொண்டுவருவது இந்தக் கேள்வியைத்தான். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். பஸ் போகும் இரைச்சலுக்கு நடுவே தாளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கூப்பிட்டேன். பூப் போட்ட பெயர்கள் எல்லாம் போயின, அவள் அசையவில்லை. அடித்துவைத்திருந்த ஒரு பெயரைக் கூப்பிட்டபோது, யோசிப்பதற்கு முன்னால் கழுத்து திரும்பிவிட்டது. திரும்பிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ரோட்டைத் தாண்டி வந்து டீயைக் கையில் வாங்கியவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

வாயால் கூப்பிடும் பெயரை எத்தனை தரம் மாற்றினாலும் யாரும் கணக்கு வைக்கப்போவதில்லை. ஆவணத்தில் ஏறும் பெயர் அப்படியில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 தடவைதான் திருத்தலாம். அதில் ஒன்று எழுத்துப்பிழையைச் சரிசெய்யவே செலவாகிவிட்டால் மிச்சம் ஒன்றுதான். அப்படிச் செலவழித்தவள் நான். என் சான்றிதழ்களில் ஒன்றில் ‘மீனாட்சி’யை ஆங்கிலத்தில் ‘க்ஷி’ வரும்படியும் இன்னொன்றில் ‘ட்சி’ வரும்படியும் ஒரு அலுவலகத்தில் தட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு வருஷம் அலைந்தேன். அதனால்தான் அவசரப்படும் தங்கச்சிகளை நான் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறேன்.

எனக்கு இதுவரை மூன்று பெயர்கள். கல்லூரியில் ஜோதிகா, மும்பையில் ஷில்பா, இப்போது மீனாட்சி. மூன்றும் மூன்று வழியில் வந்தவை. நான் போகாத வழிகளில் போனவர்களுக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ரொம்பப் பேர் முதலில் யோசிப்பது பழைய பெயரையே வளைப்பதைப் பற்றி. கார்த்திக் கார்த்திகா ஆவது, சந்திரன் சந்திரா ஆவது, செல்வன் செல்வி ஆவது. தமிழில் இது லேசான வேலை. வால் எழுத்து ஒன்றை மாற்றினால் பாதிப் பெயர்கள் பெண்பாலாகிவிடும். இதில் பெரிய லாபம், பெயர் ஏற்கெனவே காதுக்குப் பழகியிருப்பது. கூட்டத்தில் யாராவது கூப்பிட்டால் உடனே திரும்புவோம். கையெழுத்தின் முதல் வளைவு மாறாது. மார்க் ஷீட், டிசி, அனுபவச் சான்றிதழ் என்று கையில் நிறையக் காகிதம் இருப்பவர்களுக்குப் பழைய பெயரும் புதுப் பெயரும் அக்கா தங்கை மாதிரி இருந்தால், கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்வியும் குறையும்.

நஷ்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கார்த்திகாவை வீட்டில் ‘கார்த்தி’ என்று நிறுத்திக்கொள்வார்கள். கார்த்தி ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும். அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் அது வசதி. நம்மைப் பெண்ணாகக் கூப்பிடாமலேயே, கூப்பிட்டதாகக் கணக்குக் காட்டிவிடலாம். சக்தி, ஜோதி, முத்து, தங்கம் போன்ற இருபாலுக்கும் பொதுவான பெயரோடு பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அப்படி ஒருத்தி “எனக்கு மாத்தவே வேணாம்லக்கா” என்று சந்தோஷமாக வந்தாள். ஆறு மாதம் கழித்து வேறு பெயர் கேட்டு வந்தாள். “பேரு அதேதான் அக்கா. ஆனா அவங்க கூப்பிடும்போது பின்னாடி ஒரு ‘டா’ இருக்கு, அது போகவே மாட்டேங்குது.” படிப்பும் வேலையும் கையில் இருந்து, வீட்டோடும் ஓரளவு சமாதானம் ஆகிவிட்டவர்களுக்கு இந்த வழி நல்லது. வீட்டில் சண்டை இன்னும் ஆறவில்லை என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பழைய பெயரை வளைக்காமலும் விடாமலும் வைத்துக்கொண்டவர் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ், எங்கள் மதுரையில் பிறந்தவர். ‘நர்த்தகி’ என்ற பெயரை அவருக்கு இட்டவர் குரு, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை. அதன் பின்னாலேயே ‘நடராஜ்’ நிற்கிறது. 2019இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அந்தப் பட்டியலில் இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. ஆடுகிறவள், ஆடலின் அரசன். இப்படிப் பொருந்துவது எல்லோருக்கும் கிடைக்காது. பழைய பெயரைக் கேட்டாலே உடம்பு கூசும் நிறையப் பேருக்கு இது முடியவும் முடியாது. ஆனால் முழுசாகத் துடைத்துப்போட்டால்தான் பெண் என்று யாரும் சட்டம் போடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சினிமாப் பெயர்களைப் பற்றிச் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்காது. பதினாலு, பதினஞ்சு வயதில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அக்காவின் துப்பட்டாவைத் தலையில் போட்டுக் கண்ணாடி முன் நின்ற காலத்தில், நமக்குத் தெரிந்த பெண் முகங்களில் நம் வீட்டாரைத் தவிர மீதி எல்லாம் திரையில் பார்த்தவைதானே. கல்லூரியில் என் கண்ணைப் பார்த்து ஜோதிகா என்று பெயர் வைத்தவள் என் வகுப்புத் தோழி. அந்தப் பெயரில்தான் முதன்முதலாக என்னை ஒருத்தி ‘டீ’ போட்டுக் கூப்பிட்டாள். அதை நான் மறக்கவே மாட்டேன். நடிகைகளும் பெயரை மாற்றி வந்தவர்கள்தானே. குஷ்பு பிறந்தபோது வைத்த பெயர் நக்கத் கான். நயன்தாரா, டயானா மரியம் குரியன்.

ஆனால் சினிமாப் பெயருக்கு ஒரு தேதி இருக்கிறது. சிம்ரன், நமிதா, திரிஷா என்று கேட்டவுடனே எந்த வருஷத்தில் வைத்துக்கொண்ட பெயர் என்று சொல்லிவிடலாம். கேட்கிறவர் மனதில் முதலில் வருவது நடிகை, அப்புறம்தான் நாம். கூவாகம் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டி மேடையில் அது கம்பீரமாக ஒலிக்கும். ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டை வைத்துக்கொண்டு கம்பவுண்டர் சத்தமாகப் படிக்கும்போது பெஞ்சில் இருக்கும் அத்தனை தலையும் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். பார்த்தால் பார்க்கட்டும் என்ற துணிச்சல் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தத் துணிச்சல் தினமும் இருந்ததில்லை.

கூட்டத்தோடு கலந்துபோக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். டீச்சர் உங்களோடு சேர்த்து எந்தப் பெண்களின் பெயரைப் படித்தார்? பெயருக்கும் வயது உண்டு. சரோஜா, கமலா என்றால் பாட்டிமார். உஷா, லதா, கீதா என்றால் அத்தைமார். என் வகுப்பில் பிரியாவும் கவிதாவும் ரம்யாவும் நித்யாவும் இரண்டிரண்டு பேர் இருந்தார்கள். இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு யாழினி, ஆதிரா, நிலா. நாற்பது வயதில் யாழினி என்று பெயர் வைத்துக்கொண்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ரேஷன் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். உங்கள் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய பெண்ணின் பெயரை எடுத்துக்கொண்டால், அந்தப் பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்திருந்த மாதிரி ஆகிவிடுகிறது. டீக்கடை முன்னால் என் தங்கச்சி திரும்பிப் பார்த்ததும் அந்த மாதிரி ஒரு பெயருக்குத்தான். ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று அடித்துவைத்திருந்தாள்.

தனித்தமிழ்ப் பெயர் வேண்டும் என்று வருகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். சந்தோஷமாக எழுதிக் கொடுக்கிறேன். ஒரு கொள்கைக்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர்களை இந்த மண் மரியாதையோடு வைத்திருக்கிறது. வேதாசலம் மறைமலை ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சீண்டுவது அசிங்கம் என்று ஊருக்கே தெரிந்திருந்தது; நமக்கும் அதே நியாயம்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். கயல்விழி, தேன்மொழி, யாழினி என்று ‘ழ’ வரும் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவுசெய்து, எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் ‘ட்சி’ பட்ட பாடு போதும்.

குரு வைக்கும் பெயர் முற்றிலும் வேறு வகை. இருபது வயதில் மும்பைக்கு ரயில் ஏறினேன். ஜமாத்தில், அதாவது திருநங்கையர் குடும்பமாகக் கூடி வாழும் அமைப்பில், என்னைச் சேலாவாக, மகள் மாதிரியான சிஷ்யையாக, ஏற்றுக்கொள்ளும் ரீத்துச் சடங்கு நடந்த அன்று குரு என்னிடம் “பேரு என்ன வெச்சிருக்க?” என்று கேட்டார். ஜோதிகா என்றேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜோதிகா இருந்தாள், என்னைவிட மூத்தவள். குரு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஷில்பா” என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்கு வயிறு நிறையச் சோறு கிடைத்தது, படுக்கப் பாய் கிடைத்தது, ‘யாரோட சேலா?’ என்று யார் கேட்டாலும் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிசு என்பது, துரத்தப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஜமாத்துப் பெயர்களில் ஷில்பா, ரேஷ்மா, ஹீனா, முஸ்கான் என்று வடக்கத்திச் சாயல் அதிகம். பேச்சில் இந்தியும் உருதும் கலந்திருக்கும். ‘ழ’வும் ‘ற’வும் அந்த வாய்களில் நிற்காது. மதம் பார்த்துப் பெயர் வைத்து நான் அங்கே பார்த்ததில்லை. சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்காக உழைத்த நூரி அம்மாவின் பெயரில் இருக்கும் ‘நூர்’ அரபியில் ஒளி. தூத்துக்குடியிலிருந்து வந்து தலித் திருநங்கையர் உரிமைக்காகப் போராடும் கிரேஸ் பானுவின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தேவாலயமும் தர்காவும் ஒரே தெருவில் இருக்கிற மாதிரி இருக்கும்.

குரு வைத்த பெயரின் பலம், அது தனியாக வருவதில்லை என்பதுதான். பெயரோடு குரு, குருவுக்குக் குருவான நானி, கூடப்பிறந்த சேலாக்கள் என்று ஒரு குடும்பமே வரும். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைப்பார்கள். நாளைக்குச் செத்தால் தூக்க ஆள் இருப்பார்கள். பலவீனமும் அதே கயிற்றில்தான் கட்டியிருக்கிறது. குருவோடு மனஸ்தாபம் வந்து வீடு மாறினால், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிவது வலிக்கும். வைத்த பெயரை மாற்றினால் குருவுக்கு வலிக்கும். நான் ஊர் திரும்பியதும் போனில் அம்மாவிடம் ஷில்பா என்று சொல்லிப் பார்த்தேன். ‘சிலுப்பா’ என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் ‘சிலுப்பா’. அவளுக்கு அது என் பெயராக அல்ல, ஏதோ சரக்கின் பெயராகக் கேட்டிருக்கிறது.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். குரு வைத்த பெயரில் ஜமாத்து கூப்பிடட்டும். ஆவணத்தில் நீங்கள் தேர்ந்த பெயர் இருக்கட்டும். இந்த ஊரில் எத்தனையோ பெண்களுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். இதைக் குருவிடம் முதலிலேயே மரியாதையாகச் சொல்லி ஆசி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்து, பிறகு கார்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு மனம் உடைந்த குருமார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மீனாட்சி. பேத்தி என்ற சொல்லின் பழைய உருவம் பெயர்த்தி, பெயரைத் தாங்குகிறவள். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் பக்கத்து வழக்கம். சொல்லே அதிலிருந்துதான் பிறந்திருக்கிறது. இது ஒருநாள் மண்டையில் உறைத்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெயர் தேடிச் சினிமா வரைக்கும் மும்பை வரைக்கும் போனவள், நமக்கென்று ஒரு பெயர் வீட்டிலேயே எடுத்துவைக்கப்பட்டிருக்குமோ என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்போதெல்லாம் நாங்கள் பேசுவதே வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. “எம்மா, நான் பொம்பளப் பிள்ளையாப் பொறந்திருந்தா என்ன பேரு வெச்சிருப்ப?”

பதில் இல்லை. கோழி கத்துவது கேட்டது. தண்ணிக் குடத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “உங்க அப்பத்தா பேரத்தான் வெச்சிருக்கணும். வேற பேரு வெக்க உங்கப்பா விட்டிருப்பாரா?” என்றாள்.

“மீனாட்சியா?”

“ஆமா. அதுதான்.”

கவனித்தீர்களா, பெயரைச் சொன்னது நான். அவள் சொல்லவில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற முறை எங்கள் அம்மா தலைமுறையில் கெட்டியாக இருந்தது. கெஜட்டில் பெயர் வந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது: நான் தேடிப்பிடித்த பெயரால் என்னை ஒருநாளும் கூப்பிட முடியாதவள் என் அம்மா ஒருத்திதான். அதனால் அப்பத்தா பெயர் வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அம்மா வாயால் கேட்க வேண்டும் என்றால் அம்மாச்சி பெயரை வையுங்கள். எனக்கு வருத்தமா என்று கேட்டால், இல்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆத்தா, செருப்ப வெயில்ல விடாத, உள்ள எடுத்து வை” என்றாள். மாமியார் பெயரைத் தாங்கிய மகளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். திண்ணையில் இருந்த அத்தைக்கும் அது தெரியும்.

மதுரையில் மீனாட்சி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பெயருக்குரியவளின் கதையும் ஒன்றும் சாதாரணமில்லை. மலயத்துவச பாண்டியன் தடாதகை என்று பெயரிட்டு, ஆண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையெல்லாம் சொல்லிக்கொடுத்து, முடிசூட்டி வளர்த்த பிள்ளை அவள்.

வீட்டில் கேட்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் அடி விழும், அல்லது கேட்க யாரும் உயிரோடு இல்லை. அவர்களுக்கு இந்த வழியைப் பற்றி நான் பேசுவதே இல்லை. அது புண்ணைக் கிளறுவது. அவர்களில் சிலர், தங்களுக்கு முதலில் சோறு போட்ட திருநங்கை அம்மாவின் பெயரையோ, எட்டாம் வகுப்பில் தங்களை அடிக்காத டீச்சரின் பெயரையோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கிராஸ்டிரெஸ்ஸர் நண்பர்களுக்கு மேலே சொன்னதில் பாதி தலைகீழாக மாறும். அவர்களில் பலர் ஆணாகவே வாழ்கிறார்கள், அப்படியே வாழ விரும்புகிறார்கள். மாதத்தில் ஒருநாள், பூட்டிய அறையில், சேலையும் பொட்டுமாக இருக்கும் சில மணி நேரத்துக்கு ஒரு பெயர் வேண்டும். திருநங்கைக்குப் பெயர் வாசல் என்றால், இவர்களுக்கு அது அறைக்கதவு. உள்ளிருந்து தாழ்போட வேண்டும். எனவே பழைய பெயரை வளைக்காதீர்கள். இன்ஸ்டாகிராமில் கார்த்திகா என்று கணக்கு வைத்திருக்கும் கார்த்திக்கைக் கண்டுபிடிக்க அலுவலகத்தில் யாருக்கும் ஐந்து நிமிஷம் ஆகாது. அபூர்வமான பெயரும் வேண்டாம். தேடினால் நீங்கள் ஒருவர்தான் வருவீர்கள். பிரியா, திவ்யா என்று ஆயிரம் பேருக்குள் ஒளிந்துகொள்ளும் பெயர் நல்லது.

பார்சல் விஷயம் ஒன்று. ஆன்லைனில் சேலை வாங்கும் ஒருவர், பெண் பெயரிலேயே விலாசம் கொடுத்திருந்தார். கூரியர்காரர் கீழ்வீட்டில் போய் “திவ்யாங்கிறது யாருங்க?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் பட்ட பயத்தை என்னிடம் சொல்லும்போதும் கை நடுங்கியது. சக்தி, ஜோதி மாதிரிப் பொதுப்பெயர் இங்கேதான் கைகொடுக்கும். சக்தி என்று பார்சல் வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். போனில் பணம் அனுப்பினால் வங்கிப் பெயர்தான் போய்ச் சேரும் என்பதையும் மறக்காதீர்கள். அப்புறம், மனைவியின் தங்கை பெயரையோ, பழைய காதலியின் பெயரையோ, கூட வேலை பார்க்கும் பெண்ணின் பெயரையோ தயவுசெய்து எடுக்காதீர்கள். ஒருநாள் மனைவிக்குத் தெரியவந்தால், சேலையை மன்னித்துவிடக்கூடும். அந்தப் பெயரை மன்னிப்பது கஷ்டம்.

குலசேகரப்பட்டினம் தசராவில் நேர்ந்துகொண்டு பெண் வேடம் போடும் ஆண்களையும், தெருக்கூத்தில் திரௌபதி கட்டுகிறவர்களையும் இதில் சேர்க்கவில்லை. அங்கே வேடத்தின் பெயரே போதும்.

கடைசியாக, யாரும் யோசிக்காமல் வந்து கவுன்ட்டரில் மாட்டிக்கொள்வது இனிஷியலில். நம் ஊரில் பெயர் தனியாக நிற்பதில்லை. முன்னால் அப்பாவின் எழுத்து ஒன்று நிற்கும். வீட்டை விட்டுத் துரத்திய அப்பாவின் எழுத்தை வாழ்நாளெல்லாம் முன்னால் சுமப்பதா? சிலர் அம்மாவின் எழுத்தைப் போடுகிறார்கள். சிலர் குருவின் எழுத்தை. சிலர் தங்கள் பழைய பெயரின் முதல் எழுத்தையே இனிஷியலாக்கி, அந்தப் பையனைத் தங்களுக்குத் தகப்பனாக்கிக்கொள்கிறார்கள். முதல் தடவை அப்படி ஒருத்தி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனசுக்கு எது சரியோ அது சரி. ஆனால் படித்தவர்களிடமும் அரசு வேலைக்கு முயற்சி செய்கிறவர்களிடமும், சான்றிதழில் இருக்கும் இனிஷியலை விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பெயர் மாறி, இனிஷியலும் மாறினால் இரண்டு பேர் என்றுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். காவல் உதவி ஆய்வாளர் ஆன பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டதற்கே, சான்றிதழ்ப் பெயரும் புதுப் பெயரும் ஒத்துப்போகாதது ஒரு காரணம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015இல் தீர்ப்பு வாங்கி, 2017இல் தர்மபுரியில் பொறுப்பேற்றார். அவ்வளவு தூரம் போராட எல்லோருக்கும் தெம்பு இருக்காது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நம்மை அங்கீகரித்துத் தீர்ப்புச் சொன்னது. பிறகு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், அடையாளச் சான்றிதழ் வாங்கியவர் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு என்று எழுதியது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், மனு போடும் வாரத்தில் என்ன நடைமுறை என்று கேட்டுவிட்டுப் போங்கள். கெஜட் கையில் வந்ததும் பத்துப் படி எடுத்துவையுங்கள். அந்தத் தாளில் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வாக்கியத்தில் இருக்கும்: இன்னார், இனிமேல் இன்னார் என்று அறியப்படுவார். முதல் தடவை படிக்கும்போது தனியாக இருக்காதீர்கள். கூட யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்த் தங்கச்சி மறுநாள் நோட்டரியிடம் போகவில்லை. பத்து நாள் கழித்துப் போன் பண்ணினாள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

“அக்கா, அம்மாட்ட கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலக்கா. போன வெச்சுட்டாங்க. ராத்திரி அவங்களே திரும்பக் கூப்பிட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னாங்க.”

அவளுடைய அபிடவிட் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேதி, விலாசம் எல்லாம் தட்டி வைத்தாயிற்று. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.